கறியில் சேராதவை

மிளா விழுந்து கிடந்த இடத்துக்கு மருதையன் போய்ச் சேர்ந்தபோது, அஸ்மத் அதன் பக்கத்தில் சும்மா குந்தியிருந்தான். அவன் கத்தி இடுப்பு உறையை விட்டு வெளியே வரவில்லை. அதைப் பார்த்ததுமே மருதையனுக்கு நடந்தது விளங்கிவிட்டது. குண்டு நெஞ்சிலேயே பாய்ந்து, அஸ்மத் ஓடி வருவதற்குள் உயிர் போயிருக்கிறது. மூச்சு இருக்கும்போதே ஆண்டவன் பெயரைச் சொல்லிக் கழுத்தை அறுத்தால்தான் அந்த மான் அஸ்மத்துக்கு உணவு. இல்லையென்றால், தூக்குவதற்கு நாலு ஆள் வேண்டும் என்கிற அளவுக்குப் பெரிய மானாக இருந்தாலும் அதில் ஒரு துண்டு எடுக்க மாட்டான்.

"பிந்திட்டியா?" என்று கேட்டான் மருதையன். இருவரும் பேசிக்கொள்வது சந்தையில் எல்லாரும் பேசுகிற மலாயில்தான்.

"துரைக்கு இன்னைக்குக் கை ரொம்ப நல்லாயிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அஸ்மத் எழுந்து, கெண்டைக்காலில் ஏறியிருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டான்.

கிரேக் துரை பின்னால் வந்து சேர்ந்தார். சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் எஞ்சினியர் அவர். அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும், சிநேகிதர்கள் இரண்டு மூன்று பேரோடு ரயிலேறி, நீரிணையைப் படகில் கடந்து, ஜொகூர்க் காட்டுக்கு வேட்டைக்கு வருவார். தடம் பார்த்துக் கொடுப்பவன் அஸ்மத். விழுந்ததை உரித்து, அறுத்து, கட்டிக் கொடுப்பவன் மருதையன். துரைக்கு மலாயில் தெரிந்தது இருபது வார்த்தை. கைத்தடியால் மிளாவின் பின்தொடை இரண்டையும் தட்டி, "டாகிங்" என்றார். கறி என்று அர்த்தம். முன்சப்பை இரண்டையும் தட்டி, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கோடு இழுத்து, மறுபடியும் "டாகிங்" என்றார். கொம்பைக் காட்டி, அது சுவரில் மாட்டுவதற்கு என்று சைகை செய்தார். பிறகு தடியை வயிற்றுக்கு மேலே ஒரு வட்டம் சுழற்றி, "புவாங்" என்றார். எறிந்துவிடு.

ஆறு வருஷமாக இப்படித்தான். தொடை, சப்பை, முதுகு, மற்றதெல்லாம் புவாங். துரை அந்தப் பக்கம் போனதும் மருதையன் தனக்கென்று வேலையை ஆரம்பிப்பான். இரைக்குழாயைக் கழுத்தடியில் முடிச்சுப் போடுவான். போடாவிட்டால் வயிற்றிலுள்ள பாதி செரித்த தழை வெளியே வந்து எல்லாவற்றையும் நாறடித்துவிடும். ஈரலைக் கிழியாமல் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். இருதயத்தைப் பிளந்து உறைந்த ரத்தத்தை வழித்துவிடுவான். கொம்புக்குச் சேதமில்லாமல் கன்னக்கறியையும் நாக்கையும் மூளையையும் எடுப்பான். குடலையும் இரைப்பையையும் ஓடைக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் போட்டு அலசி, உப்பும் மஞ்சளும் தேய்த்து, காட்டு வாழை இலையில் சுற்றி, மண்ணெண்ணெய் டின்னில் அடுக்குவான். குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு அறுத்து அங்கேயே புதைத்துவிடுவான். அந்தக் கறுத்த சதையைத் துரைமார் கவலையில்லாமல் எடுத்துப் போவதுண்டு. மருதையன் எடுக்க மாட்டான்.

அஸ்மத் தள்ளி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பார்ப்பான். அவனுக்கு ஏதுவான மான் விழுகிற நாளில் விலாக்கறி கேட்டு வாங்கிப் போவான். ஆனால் ஒரு நாளும் இருவரும் சேர்ந்து சாப்பிட்டதில்லை. மருதையனுடைய சட்டியில் காட்டுப்பன்றி வெந்திருக்கிறது. அவனுடைய கத்தி பன்றியை அறுத்திருக்கிறது. அதில் மனக்கசப்பு ஒன்றுமில்லை. இரண்டு அடுப்பு, இடையில் பத்தடி தூரம். அந்தப் பத்தடியைத் தாண்டித்தான் பேச்சு.

மருதையன் தஞ்சாவூர்ச் சீமைக்காரன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தபோது வயது பத்தொன்பது. பினாங்குப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடித்து, சிங்கப்பூர் வந்து, மாட்டுக் கொட்டில்கள் நிறைந்த கண்டாங் கெர்பாவ் பகுதியில் கசாப்புக் கூடத்தில் கூட்டிக் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தான். அவன் கையில் கத்தி நடக்கிற விதத்தைப் பார்த்த ஒருவர் கிரேக் துரையிடம் சொன்னார். அந்தக் கை அவனுக்கு அப்பனிடமிருந்து வந்தது. ஊரில் மாடு செத்தால் தூக்கிப்போய் உரிக்கிற குடும்பம் அவர்களுடையது.

அதுதான் சங்கதி. கப்பலேறி வந்தவர்கள் எத்தனையோ வழக்கங்களை வழியிலேயே விட்டுவிட்டார்கள். ஊரில் ஒருவர் நிழல் ஒருவர் மேல் படக்கூடாது என்று இருந்தவர்கள், இங்கே ஒரே குழாயடியில் குளித்தார்கள், ஒரே கொட்டகையில் தலையோடு தலை வைத்துப் படுத்தார்கள். இருந்தும் மருதையன் எந்தக் குடும்பம் என்பது அவன் வருவதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. வண்டிக்காரர்கள் கொட்டகையின் கடைசி மூலை, வைக்கோல் போருக்குப் பின்னால், அவனுக்கு ஒதுக்கப்பட்டது. யாரும் வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. அவன் சோறு எடுத்துக்கொண்டு வந்தால் பேச்சு நின்றுவிடும். அவன் தன் மூலைக்குப் போனதும் மறுபடி தொடங்கும்.

இரஞ்சிதத்தின் சாப்பாட்டுக் கடை சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சுண்ணாம்புக் கம்பம் என்ற பகுதியில், காளியம்மன் கோயிலுக்கு மூன்று சந்து தள்ளி இருந்தது. அவள் புருஷன் வண்டியோட்டி, காய்ச்சலில் போய்விட்டான். அந்தக் காலத்துச் சிராங்கூன் ரோட்டில் தமிழ்ப் பெண்களை விரல் விட்டு எண்ணலாம். தனியாக நின்று கடை நடத்துகிறவளை எல்லாரும் ஒரு மாதிரி மரியாதையோடும் ஒரு மாதிரி சந்தேகத்தோடும் பார்த்தார்கள். அவள் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதையன் கடைக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த சாய்ப்பில் நின்று சோறு கேட்டான். அவன் கையில் டின் இருந்தது.

"என்ன அதுல?"

"மான் ஈரல், குடல், நாக்கு. துரை வேணாம்னு விட்டதுங்க. ராத்திரிக்கு நான் ஆக்கித் திம்பேன்."

இலையை விலக்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். "இவ்வளவு சுத்தமா எவனும் கழுவி நான் பார்த்ததில்ல. எனக்குக் குடுங்கண்ணே. வாரம் பூரா உங்களுக்குச் சோறு நான் போடறேன்."

அப்படித் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரஞ்சிதம் கடையில் வேட்டைக் கறி என்று வண்டிக்காரர்களுக்குள் பேச்சுப் பரவியது. மிளகும் சீரகமும் வறுத்து அரைத்து, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, குடலையும் ஈரலையும் தனித்தனியாக வேகவைத்துப் பிறகு ஒன்றாகக் கூட்டுவாள். அவள் யாரிடமும் பொய் சொல்லவில்லை. எந்த உறுப்பு என்றோ யார் கொண்டுவந்தது என்றோ யாரும் கேட்கவில்லை. கறி பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார்கள். வண்டி மேஸ்திரி தங்கராஜு ஒவ்வொரு வாரமும் மூன்றாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிடுகிறவன். "அந்த மெத்துமெத்துன்னு இருக்கிற துண்டு இருக்கா பாரு இரஞ்சிதம்" என்று கேட்பான். அது மூளை. அவள் எடுத்து வைப்பாள்.

பின்னால் விறகுச் சாய்ப்பில் உட்கார்ந்து மருதையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். பந்தி தொடங்குவதற்கு முன் இரஞ்சிதம் ஒரு சின்னக் கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து கொடுத்து, "உப்பு பாருங்கண்ணே" என்பாள். அவன் நாக்கில் வைத்துப் பார்த்து, சரி என்றோ கொஞ்சம் போடலாம் என்றோ சொல்வான். சில நாள் இன்னொரு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்கள், மழையைப் பற்றியோ, விறகு ஈரமாக வருவதைப் பற்றியோ. அந்த வாரத்தில் அவனிடம் தமிழில் யாராவது பேசினார்கள் என்றால் அது அவ்வளவுதான்.

1909ஆம் வருஷம், மழை விட்ட சமயத்தில், தங்கராஜுக்குப் புதன்கிழமை வாந்தியும் பேதியும் கண்டது. இரண்டு நாள் பிழைப்பானா என்று இருந்தது. பிறகு தேறினான். ஆனால் அதற்குள் யாரோ போய், ஞாயிற்றுக்கிழமை தின்ற காட்டுக் கறிதான் காரணம் என்று சுகாதார ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஒரு வெள்ளைக்கார டாக்டரும் இரண்டு பியூன்களும், மொழிபெயர்க்க இராஜரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துக் கிளார்க்கும் இரஞ்சிதத்தின் கடை முன்னால் வந்து நின்றார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சீக்கிரமே வந்து காத்துக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து வண்டிக்காரர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

டாக்டர் டின்னுக்குள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். இராஜரத்தினம் சொன்னார்: "பிள்ளை, இது இறைச்சி இல்லை, வேட்டையிலை எறியிற கழிவு எண்டு துரை சொல்லுறார். இதைக் குழி தோண்டித் தாட்டுப்போடச் சொல்லுறார்."

இரஞ்சிதம் அடுப்பங்கரை வாசலை விட்டு நகரவில்லை. "கழிவு இல்லீங்கய்யா. அறுத்தவரு பின்னால இருக்காரு. அவரக் கேளுங்க."

கூப்பிட்ட பிறகு மருதையன் வராமல் இருக்க முடியாது. சாய்ப்பிலிருந்து எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் கடையின் முன்பக்கத்தில் அவன் கால் பட்டது.

"நீரோ இதை அறுத்தது?" என்றார் இராஜரத்தினம்.

"ஆமாங்கய்யா."

"பயப்பிடாதேயும். இதிலை எது மனிசர் சாப்பிடலாம், எது ஏலாது எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்? துரை கேக்கிறார்."

"சொன்னா விளங்காதுங்க. காட்டறேன்."

ஒரு பலகையைக் கேட்டு வாங்கினான். ஈரலை அதன்மேல் விரித்து, கத்தி முனையால் நடுக்குழாயை நீளவாக்கில் கீறித் திறந்தான். "பூச்சி இருந்தா இந்தக் குழாய்க்குள்ளதான் இருக்கும். இலை மாதிரி தட்டையா. இருந்தா ஈரல் மொத்தமும் குழிக்குப் போயிரும். இதுல இல்ல, பாருங்க." மண்ணீரலை எடுத்து அழுத்திக் காட்டினான். கத்தி போல ஓரம் கூர்மையாக இருந்தால் நல்லது. வீங்கி உருண்டிருந்தால் அந்த மிருகத்தில் எதையுமே தொடக்கூடாது, தொடைக்கறி உட்பட. நுரையீரலை எடுத்து வராததற்குக் காரணம், குண்டு அதன் வழியாகப் போயிருந்தது. கண்ணுக்குக் கீழேயும் பின்னங்காலிலும் மானுக்கு வாடைப் பை உண்டு. அதைத் தொட்ட கையால் கறியைத் தொட்டால் கறி கெட்டுவிடும். கொழுப்புக்குள் ஒளிந்திருக்கிற சின்னக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பறித்து எடுத்திருந்த இடத்தைக் காட்டினான். சாதாரணமாகத் தலை குனிந்தே பேசுகிறவன், பலகையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், குரல் தடங்காமல் பேசினான்.

டாக்டர் குனிந்து ஈரலைத் தடியால் புரட்டி ஏதோ கேட்டார். "பித்தப்பையை எங்கை வெட்டி எறிஞ்சனீர் எண்டு கேக்கிறார். தடம் ஒண்டையும் காணேல்லையாம்."

"மானுக்குப் பித்தப்பை கிடையாதுங்க. ஆட்டுக்கு உண்டு, பன்னிக்கு உண்டு. மிளாவுக்கு இல்ல."

இராஜரத்தினம் அதைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து மருதையனை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவனைத்தான் சோதித்துப் பார்த்திருக்கிறார். இருவரும் இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். இராஜரத்தினம் திரும்பி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இது நல்ல இறைச்சி. தாராளமாய்ச் சமைக்கலாம். இந்த ஆளைப்போலை பாத்து அறுக்கிற ஒருத்தர் எங்கடை கூடத்திலையும் இல்லை எண்டு துரை சொல்லுறார். அந்த மேஸ்திரிக்கு வயித்து வருத்தம் வந்தது மாட்டுக் கொட்டகைக் கிணத்துத் தண்ணியாலை. அங்கை இன்னும் ரெண்டு பேருக்கு வந்திருக்கு. கிணத்தை இண்டைக்கு மூடுறம்." அவர் மருதையனிடம் பெயரைக் கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். வந்தவர்கள் போனார்கள்.

வாழ்நாளில் பத்துப் பேர் முன்னால் ஒருவர் அவனைப் புகழ்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. பலகையைக் கழுவ எடுத்தபோதுதான் ஒருவரும் பேசவில்லை என்பதைக் கவனித்தான்.

தங்கராஜு கதவு நிலையில் சாய்ந்து நின்றான். நோயில் கன்னம் ஒட்டியிருந்தது. "இரஞ்சிதம், இத்தன வருசமா இவன் கையாலயா தின்னோம்?"

"ஆக்கினது நான்."

"அறுத்தது?"

தங்கராஜு திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ஒருவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்றான். இன்னொருவன் கோயில் வரை போய் வருகிறேன் என்றான். கால்மணி நேரத்தில் கடை காலியாகிவிட்டது. அன்றைக்கு ஆக்கிய குழம்பை இரஞ்சிதமும் மருதையனும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மிச்சத்தை என்ன செய்தாள் என்று அவன் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்ததும் இரஞ்சிதம் பிடிவாதமாக ஆக்கினாள். வெளியூர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். மற்ற நாட்களிலும் ஆள் குறையத் தொடங்கியது. அந்தச் சட்டியில்தானே எல்லாம் வேகிறது என்று பேச்சு. மூன்றாம் ஞாயிறு மருதையன் டின்னோடு வந்து, அதை இறக்காமல் நின்றான்.

"இனிமே நான் கொண்டாறலம்மா."

"ஏன், மான் விழலையா?"

"விழுது."

"அப்ப கொண்டாங்க. அவனுங்க வந்தா வரானுங்க, வராட்டி போறானுங்க."

"உங்களுக்கு அவங்கதான் சோறு. நான் ஒருத்தன் தின்னு கட எப்படி நடக்கும்?"

அவள் கரண்டியைத் துடைத்தபடி நின்றாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். வேண்டாம் போகாதீர்கள் என்று சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்தானா என்பது அவனுக்கே தெரியவில்லை. "உங்க மேல ஒரு குத்தமும் இல்லண்ணே" என்றாள் கடைசியில். அவன் தலையசைத்துவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனான்.

அதற்குப் பிறகு காட்டில் அவன் துரை சொன்னபடியே செய்தான். தொடை, சப்பை, முதுகு. மற்றதற்குக் குழி வெட்டினான். தனக்கென்று ஒரு துண்டு ஈரல்கூட எடுக்கவில்லை. தனியாக அடுப்பு மூட்டி, தனியாகக் கிளறி, தனியாக உட்கார்ந்து தின்பது முன்பெல்லாம் அவனுக்குப் பழகிய விஷயம். மூன்று வருஷம் வேறு மாதிரி இருந்துவிட்டதால் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கொட்டகையில் அரிசியும் கருவாடும் பொங்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வான்.

அஸ்மத் இரண்டு வேட்டை பார்த்தான். மூன்றாவதில் அதிர்ஷ்டம் அவன் பக்கம் இருந்தது. காலில் அடிபட்டு மடங்கி விழுந்த மானிடம் ஓடிப்போய், மூச்சு இருக்கும்போதே கத்தியை வைத்துவிட்டான். துரைமார் தங்கள் பங்கைப் பார்த்துவிட்டுக் குளிக்கவும் தூங்கவும் ஓய்வு விடுதிக்குப் போனார்கள். வெயில் ஏறியிருந்தது. மருதையன் கத்தியை எடுக்காமல் முதலில் மண்வெட்டியை எடுத்தான்.

"ஏன் குழி தோண்டறே?"

"திங்க ஆள் இல்ல."

"நீ திங்கலாமே."

"இவ்வளவையும் ஒருத்தன் எப்படித் திங்கிறது?"

அஸ்மத் வெற்றிலையைத் துப்பினான். பிறகு எழுந்து போய், முழங்கை தடிமனில் பச்சை மூங்கில் இரண்டு வெட்டிக்கொண்டு வந்தான். கணுவுக்குக் கணு நறுக்கினான்.

"உன் சட்டி வேணாம். உன் கத்தியும் வேணாம். நீ காட்டு, நான் அறுக்கிறேன்."

மருதையனுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது மண்வெட்டியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்து, மானின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பழக்க தோஷத்தில் தொட்டுவிடக்கூடாது. இங்கே முடிச்சுப் போடு. அதைக் கிழிக்காதே, சுற்றி வா. அந்த ஜவ்வை உரி. இந்தக் கட்டியை எடுத்து எறி. ஈரலை ஓடையில் வேண்டாம், ஊற்றில் கழுவு. அஸ்மத் வேட்டைக்காரன்தான் என்றாலும் வயிற்றுக்குள் அவனுக்கு வழி தெரியவில்லை. இரண்டு தடவை விரலை வெட்டிக்கொண்டான். ரத்தத்தை வழித்துச் சுத்தமாகக் கழுவ வேண்டும் என்று அவன் சொன்னான். அது அவனுடைய சட்டம், மருதையன் ஒத்துக்கொண்டான். ஈரலையும் குடலையும் பொடியாக நறுக்கி, அஸ்மத் துணியில் முடிந்து வைத்திருந்த உப்பையும் மிளகாயையும் போட்டு, மூங்கிலுக்குள் திணித்து, இலையால் அடைத்துத் தீயில் சாய்த்து வைத்தார்கள். மூங்கில் கறுத்து வெடிக்கத் தொடங்கியதும் எடுத்தார்கள்.

இரண்டு இலையில் கொட்டிச் சாப்பிட்டார்கள். குடல் சரியாக வேகவில்லை. ஈரல் கொஞ்சம் தீய்ந்திருந்தது. அஸ்மத் மென்றுகொண்டே, "இதையா இத்தனை வருஷம் எறிஞ்சோம்?" என்றான்.

"நீ எறிஞ்சே. நான் எடுத்துக்கிட்டுப் போனேன்."

அஸ்மத் சிரித்தான். ஒரு பங்கைத் தனியாக இலையில் கட்டினான், மனைவி கதீஜாவுக்கு என்று. அடுத்த தடவை வந்தபோது, ஈரல் நன்றாக இருந்தது என்றும், குடலை இன்னும் ஒரு மணி நேரம் வேகவிடச் சொன்னாள் என்றும் செய்தி கொண்டுவந்தான். மருதையன் அதை ரயிலில் சாமான் வண்டியில் உட்கார்ந்து திரும்பும்போது நினைத்துக்கொண்டே வந்தான். தான் பார்த்தேயிராத ஒரு பெண், தான் சொல்லிக் கொடுத்த சமையலைக் குறை சொல்லியிருக்கிறாள். அது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்படி ஒன்றரை வருஷத்தில் ஆறோ ஏழோ தடவை வாய்த்தது. மான் உயிரோடு அஸ்மத்தின் கத்திக்குக் கிடைக்க வேண்டும், துரைமார் தூங்கப் போக வேண்டும், மழை இருக்கக்கூடாது. எல்லாம் கூடி வருகிற நாள் குறைவு. மற்ற நாட்களில் பழையபடி பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பேசினார்கள்.

பிறகு ரப்பர் வந்தது. 1911ல் அந்தக் காடு முழுவதும் தோட்டத்துக்குப் போய்விட்டது. கோடாரிச் சத்தம் ஒரு மாதம், புகை இரண்டு மாதம். மான்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. கிரேக் துரை துப்பாக்கிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சீமைக்குக் கப்பலேறினார். அஸ்மத்தின் வீடு இருந்த நிலமும் தோட்டக் கணக்கில் சேர்ந்துவிட்டதால், அவன் கதீஜாவின் தம்பி இருந்த மூவார்ப் பக்கம் குடிபெயர்ந்தான். படகுத்துறையில் பாயும் சட்டியும் மூட்டையுமாக நின்றவனை மருதையன் பார்க்கப் போனான். படகின் உள்ளே மறைப்புக்குப் பின்னால் ஒரு பெண்குரல், "அவரா?" என்று கேட்டது. அஸ்மத், "அவர்தான்" என்றான். அவள் வெளியே வரவில்லை. படகு திரும்பும்வரை மருதையன் நின்றுவிட்டு, அடுத்த ரயிலில் சிங்கப்பூர் வந்தான். மூவாருக்குக் கடிதம் போட இருவருக்குமே எழுத்துத் தெரியாது.

வேட்டை வேலை போன பிறகு அவன் கசாப்புக் கூடத்தில் கழுவுகிற வேலைக்குத் திரும்பினான். இராஜரத்தினம் ஒரு நாள் அங்கே வந்தவர் அவனை அடையாளம் கண்டு, பழைய நோட்டைப் புரட்டி, டாக்டரிடம் சொல்லி, அறுத்த மிருகங்களின் உள்ளுறுப்பைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டார். காக்கிச் சட்டை கொடுத்தார்கள். அவன் தலையசைத்தால்தான் தட்டு சந்தைக்குப் போகும். கறிக்கடைக்காரர்கள் எல்லாம் அவனிடம் மரியாதையாகப் பேசினார்கள். முக்கியமாக அப்துல் மஜீது என்ற ஆட்டுக் கறிக்காரர், "வாங்க தம்பி" என்று தினமும் முகமலர்ச்சியோடு கூப்பிடுவார். வீட்டுக்கு வாங்க என்று அவரும் கூப்பிட்டதில்லை. எந்தத் தட்டை எப்போது இவன் நிறுத்துவானோ என்கிற எண்ணம் அவர்களுக்கு உள்ளே இருந்துகொண்டே இருந்தது. கொட்டகையை விட்டு வந்து ஒரு மாடியறையில் குடியிருந்தான். அங்கே வைக்கோல் போர் இல்லை, பேச்சை நிறுத்த ஆட்களும் இல்லை.

1913ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, மருதையன் இரஞ்சிதத்தின் கடைக்குப் போனான். இந்தத் தடவை விறகுச் சாய்ப்புப் பக்கம் போகவில்லை. முன்வாசல் வழியாக ஏறி, தெருவைப் பார்த்த பெஞ்சியில் உட்கார்ந்தான். ஏன் அன்றைக்குப் போனான் என்று யாராவது கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. நாற்பது வயது ஆகப்போகிறது என்பது ஒன்று. மற்றது, அந்த வாரம் முழுவதும் அவன் பேசிய வார்த்தை "சரி", "ஆகாது" இரண்டுதான் என்பதை அன்று காலையில் கணக்குப் பார்த்திருந்தான்.

பெஞ்சியின் மறுகோடியில் இருந்த இருவர் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். இரஞ்சிதம் உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. அவள் முகத்தில் எதுவும் ஓடவில்லை. போய் ஓர் இலை கொண்டுவந்து அவன் முன்னால் போட்டு, தண்ணீர் தெளித்தாள்.

"ஆட்டுக்கறிதான் இருக்கு."

"போடுங்க."

உள்ளே யாரோ முணுமுணுத்தார்கள். "சாப்பிடறதுன்னா சாப்பிடுங்க, இல்லாட்டி எந்திரிங்க" என்று அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னது வெளியே கேட்டது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். மருதையன் அவசரப்படாமல் சாப்பிட்டு, இலையை மடித்துத் தானே எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவினான்.

அடுத்த வாரமும் போனான். அதற்கடுத்த வாரம், கப்பலிலிருந்து இறங்கி நாலு நாள்கூட ஆகாத ஒருவன், ஊர் மண் போகாத வேட்டியோடு வந்து, காலியாக இருந்த பெஞ்சியில் மருதையனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பாபநாசம் பக்கமாம். இங்கே வேலை எப்படி, மழை எப்போதும் இப்படித்தானா, சீனன் கடையில் ஏமாற்றுவார்களா என்று வாய் ஓயாமல் கேட்டான். மருதையன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். அந்த ஆள் இலையில் இருந்த ஈரல் துண்டை ஒதுக்கி வைத்திருந்தான்.

"அதத் திங்க மாட்டீங்களா?" என்று கேட்டான் மருதையன்.

"எங்கூட்ல பழக்கமில்லீங்க."

"நல்ல ஈரல். நேத்து நான் பார்த்து விட்டதுதான். சாப்பிட்டுப் பாருங்க."

அந்த ஆள் ஒரு துண்டு வாயில் போட்டு, மென்று, தலையாட்டிக்கொண்டு இன்னொன்றை எடுத்தான். போகும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழம இங்கதான் இருப்பீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெருவில் நின்று மருதையனைப் பார்த்தான். சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத மாதிரி ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. பிறகு உள்ளே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டான். மருதையன் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தவன், அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான். இரஞ்சிதம் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மருதையன் பெஞ்சியின் நடுவுக்கு வந்து, இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினான்.